அந்த 176 எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்தில் லுட்டீசியம் பற்றி ஒரு பெட்டிச் செய்தி. 'கதிரியக்கத் தனிமம், அரைவாழ்வு 3,700 கோடி ஆண்டு' என்று போட்டிருந்தீர்கள். அரைவாழ்வு என்றால் இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம். வேறு ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் கவனித்துவிட்டார்கள்.

என் அண்ணனுக்கு புராஸ்டேட் புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவிவிட்டது. பெங்களூரில் லுட்டீசியம்-177 ஊசி போட்டார்கள். டாக்டர் சொன்னபடி சில நாள் தனி அறையில் இருந்தார், பேரப்பிள்ளைகளைக் கிட்டே சேர்க்கவில்லை. 40-ஆவது நாள், இந்தப் புதன்கிழமை, பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் அவருக்கு இரண்டு பக்கமும் இலை காலி. கேட்டதற்கு ஒருவர் உங்கள் செய்தியை போனில் காட்டி, "3,700 கோடி வருசமாமே!" என்றார்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் 34 ஆண்டு வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தவன். லேபிள் கிழிந்த பாட்டிலை யாரையும் தொட விடமாட்டேன். எண் போடாத ஐசோடோப்பும் (ஒரே தனிமத்தில் நியூட்ரான் எண்ணிக்கை மாறும் வகை) அப்படித்தான்.

லுட்டீசியம் என்றாலே 71 புரோட்டான். அதோடு 104 நியூட்ரான் இருந்தால் 175. அது அழிவதில்லை; இயற்கையில் கிடைப்பதில் 97.4 சதவீதம் அதுதான். மீதி 2.6 சதவீதம் 176. அதில் 71, 105 என இரண்டுமே ஒற்றைப்படை, இரண்டு பக்கமும் ஜோடியில்லாமல் ஒன்று மிஞ்சுகிறது. அப்படிப்பட்ட அணுக்கரு நிலைத்து நிற்பது அபூர்வம். நீங்கள் போட்ட 3,700 கோடி இதனுடையது. அண்ணனுக்குப் போட்ட 177-இல் இன்னும் ஒரு நியூட்ரான் கூடுதல். மண்ணில் கிடைக்காது, அணுஉலையில்தான் செய்ய வேண்டும். மும்பை டிராம்பேயில் துருவா உலையிலும் செய்கிறார்கள். அதன் அரைவாழ்வு வெறும் 6.65 நாள். 40 நாளில் ஆறு முறை பாதியாகி, 64-இல் ஒரு பங்குதான் மிஞ்சும். முதல் இரண்டு நாளில் சிறுநீரோடு போனதை இதில் நான் கழிக்கவே இல்லை. சிதைந்ததெல்லாம் ஹாஃப்னியம்-177 ஆகிவிடும்; அது கதிர் வீசாது.

எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. அத்தனை கோடி ஆண்டு இழுத்துக்கொண்டு கரைவது, நொடிக்கு வீசுவது சொற்பம். கிருஷ்ணகிரி வட்டாரப் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவற்றில் துளித்துளியாக இருக்கும் 176, இத்தனை காலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கரையவில்லை. அந்தக் கல்லில்தான் எங்கள் தெருவில் திண்ணை போட்டிருக்கிறார்கள். பந்தியில் எழுந்து போனவரும் அதில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறார்.

அண்ணனுக்கு அடுத்த ஊசி இரண்டு வாரத்தில். அதற்குள் 176, 177 என்ற இரண்டு எண்களையும் அவற்றின் அரைவாழ்வோடு சேர்த்து ஒரு திருத்தம் போடுங்கள், கொஞ்சம் பெரிய எழுத்தில். வெட்டி அவர் வீட்டு வாசலில் ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.