ஏரிக்கரை நடைபாதை: ஞாயிறு காலை வேலை இருக்கிறது

அனைவருக்கும் வணக்கம். மூன்று நாளாகக் கிருஷ்ணகிரியில் பெய்த மழையில் நம் நடைபாதையின் வடக்குப் பக்கம் முழுக்கச் சேறு, அரச மரத்தடியில் மண் அரித்து வேர் வெளியே தெரிகிறது, நேற்று ஒரு பாட்டி அதில்தான் இடறி விழப் பார்த்தார். சரிசெய்யும் வரை அந்தப் பக்கம் நடக்க வேண்டாம்.

ஞாயிறு காலை 6 மணி, பிள்ளையார் கோயில் அருகில்.

1. மண்வெட்டி, கடப்பாரை, பாண்டு சட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். கிராவல் ஒரு டிராக்டர் லோடு சனி மாலையே வந்துவிடும்.
2. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். வெறும் கையால் தொட்டால் அரிக்கும், கையுறை கட்டாயம்.
3. ஈர மண்ணில் பைக் ஓட்டாதீர்கள், டயர் தடம் அப்படியே காய்ந்து இறுகிவிடும்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள், கேழ்வரகுக் கூழுக்குச் சொல்ல வேண்டும்.