பின்வாங்கும் விநாடி முள்

அன்புள்ள முருகேசா,

உன் இங்கிலாந்து நெட்டைக் கடிகாரத்தில் விநாடி முள் ஒவ்வொரு அடிக்கும் சற்றே பின்வாங்குகிறது, பழுதா என்று கேட்டிருந்தாய். பழுதில்லை, பிறவிக் குணம். உள்ளே இருப்பது நங்கூர எஸ்கேப்மென்ட், அதாவது சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விட்டு ஊசலுக்கு உந்துதல் தரும் நங்கூர வடிவ அமைப்பு. 1670 வாக்கில் வந்தது. கண்டுபிடித்தது விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கா, கடிகாரக் கலைஞர் வில்லியம் கிளெமென்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்கு முந்தைய வெர்ஜ் என்ற வகையில் ஊசல் 80, 100 டிகிரி என்று வீசியாக வேண்டும். நங்கூரம் அதை 4 முதல் 6 டிகிரிக்குள் அடக்கியதால்தான் ஒரு மீட்டர் நீள ஊசல் ஒடுக்கமான பெட்டிக்குள் புகுந்தது.

எஸ்கேப்மென்ட் சக்கரத்துக்கு 30 பல். ஒரு பல்லுக்கு இரண்டு அடி. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம். பல் வந்து பேலட்டில், அதாவது நங்கூரத்தின் நுனியில், உட்கார்ந்த பிறகும் ஊசல் வீச்சை முடிக்கவில்லை. பேலட்டின் சரிவு பல்லைத் திருப்பித் தள்ளுகிறது, முள் பின்வாங்குகிறது. லண்டன் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் கிரஹாம் 1715 வாக்கில் பரப்பியது பார்வைக்குச் சிறிய மாற்றம்: பல் உட்காரும் முகத்தை, பேலட் அச்சை மையமாகக் கொண்ட வட்ட வில்லாக வெட்டினார். ஊசல் எவ்வளவு போனாலும் பல் அசையாது. உந்துதலுக்கு மட்டும் நுனியில் தனிச் சரிவு. துல்லியம் கூடியது. ஆனாலும் வீட்டுக் கடிகாரங்கள் நங்கூரத்தை விடவில்லை, வேலைப்பாடு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் அது ஓடிவிடும்.

கடிகாரம் அடிக்கடி நிற்கிறது என்றாயே, அதுதான் கவனிக்க வேண்டியது. கூடுதல் எடை தொங்கவிடாதே, தேய்மானம்தான் கூடும். முதலில் காதைக் கொடு. டிக்குக்கும் டாக்குக்கும் இடைவெளி சமமா? இல்லையென்றால், ஊசலை நடுவிலிருந்து இடமும் வலமும் கையால் மெல்ல நகர்த்தி, ஒலி எழும் இடத்தைக் குறித்துக்கொள். எந்தப் பக்கம் சீக்கிரம் ஒலிக்கிறதோ, ஊசலைத் தள்ளும் கவைக்கம்பியை அந்தப் பக்கமாக ஒரு மயிரிழை வளை. மேல்முனையை விரலால் தாங்கிக்கொண்டு வளை, இல்லையேல் அச்சு கோணிவிடும்.

பிறகு பேலட் முகத்தை லென்ஸில் பார். பல் விழுந்த இடத்தில் பள்ளம் இருக்கும். பித்தளைப் பல் எஃகைத் தின்னுமா என்று வியக்காதே: மென்மையான பித்தளையில் தூசி பதிந்து உப்புத்தாளாகிவிடுகிறது. பள்ளத்தை அரத்தால் ராவினால் பல்லுக்கும் பேலட்டுக்கும் இடைவெளி கூடி உந்துதல் வீணாகும். அச்சில் பேலட்டைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி, தேயாத பரப்பில் பல் விழும்படி வைக்கக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் சொல். எண்ணெய் ஊசிமுனை அளவு, பேலட் முகத்தில். மற்றச் சக்கரங்களின் பற்களில் எண்ணெய் பட விடாதே.

பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து எழுது.

அன்புடன்,
சேகர்