கயாக்: முதலில் கவிழப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை வந்தால் கித்துல்கலவில் களனி கங்கையில் கயாக் (கால்களை உள்ளே நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் சிறு படகு) ஓட்டிப் பார்க்க நம் தோட்டத்து இளைஞர்களும் போகிறார்கள். நீந்தத் தெரியாதவர்கள் பலர். லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மட்டும் மாட்டி, துடுப்பைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்து, தண்ணீரில் தள்ளிவிட்டால் பயம் போய்விடாது. கவிழ்ந்த படகுக்குள் கால் சிக்கிக்கொள்ளுமோ என்பதுதான் பெரும்பாலானோரின் பயம். "பயப்படாதே தம்பி" என்று எத்தனை முறை சொன்னாலும் அது தீராது. துடுப்புப் போடுவதற்கு முன்பே கவிழ்ந்து வெளியேறப் பழக்க வேண்டும்.

ஓட்டமில்லாத, நெஞ்சளவு தண்ணீர் போதும். பயிற்றுவிப்பாளர் படகை ஒட்டியே நிற்க வேண்டும். முதல் தடவை, இடுப்பில் மாட்டிப் படகின் வாயை மூடும் ஸ்பிரே ஸ்கேர்ட் வேண்டாம். கவிழ்ந்ததும் நெற்றி முன்தளத்தைத் தொடுமளவுக்குக் குனிந்து, இரு கைகளாலும் படகின் அடிப்புறத்தை மூன்று முறை தட்டச் சொல்லுங்கள். மூச்சு இன்னும் இருக்கிறது, அவசரமில்லை என்பது அந்தச் சில விநாடிகளில்தான் புரிகிறது. பிறகு இடுப்புக்கு இருபுறமும் விளிம்பில் கையை ஊன்றி, காற்சட்டையைக் கழற்றுவதுபோல் படகைத் தள்ளினால் கால்கள் வந்துவிடும். பயந்தவர் பின்னால் சாய்வார். தொடை மேல்தளத்தில் அழுந்தி இறுகும். மூக்கில் தண்ணீர் ஏறினாலே பதறுபவருக்கு ஒரு மூக்குக் கிளிப் கொடுங்கள்.

அடுத்தது ஸ்கேர்ட்டுடன். ஸ்கேர்ட்டின் முன்புறமுள்ள இழுவைப் பட்டியை முதலில் முன்னே தள்ளி, பிறகு படகை விட்டு விலக்கி இழுக்க வேண்டும். வயிற்றுப் பக்கம் இழுத்தால் லேசில் கழலாது. புறப்படுமுன் பட்டி வெளியே இருக்கிறதா என்று ஓட்டுபவரே தொட்டுப் பார்க்கட்டும். உள்ளே மடிந்து கிடந்தால் பழகியதெல்லாம் வீண்.

இதன் பிறகு துடுப்பு. படகு ஆடியதும் புதியவர் விறைத்துப்போய் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். கவிழ்வது பெரும்பாலும் அதனால்தான். தலை படகுக்கு நேர்மேலே இருக்க, இடுப்பு மட்டும் தளர்வாக ஆடட்டும். பார்வை படகின் மூக்கில் அல்ல, தூரத்தில்.

மலைப்பக்கத் தண்ணீர் குளிர் என்பதால் முதலில் முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொள்ள வேண்டும். திடீர்க் குளிரில் மூச்சு வாங்கும். ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கும்போது நாடிவரை ஏறினால் பட்டிகளை இறுக்குங்கள்.

களனி கங்கையின் நீர்மட்டம் மழையால் மட்டுமன்றி, மேலே மின்நிலையங்கள் விடும் நீராலும் மாறும். அது முதல் பாடத்துக்கான இடமல்ல. அங்கே விழுந்தவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் உயர்த்தி மிதக்க வேண்டும். எழுந்து நின்றால் பாறையிடுக்கில் பாதம் மாட்டும்.

பணம் கட்டுமுன் பெற்றோர் ஒன்று கேட்கலாம்: கவிழ்ந்து வெளியேறும் பயிற்சி உண்டா, எங்கே? இல்லையென்றால், மேலே உட்கார்ந்து ஓட்டும் திறந்த படகையே கேளுங்கள்.

இப்படிக்கு,
கயாக் பயிற்றுவிப்பாளர்கள் சிலர்,
ஹற்றன்