குத்துமதிப்பாகப் போட்ட அந்த 7

ஈரோடு
ஞாயிறு இரவு

அன்புள்ள பிரபுவுக்கு,

அம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுடோகுவைக் கட்டம் போட்ட நோட்டில் பெயர்த்து எழுதிக்கொண்டு, ரெண்டு ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டேன். இதைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால்தான் கடிதம். நான் போட்ட தாளையும் உள்ளே வைத்திருக்கிறேன், பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படி.

"முக்கால் மணி நேரம் முட்டி மோதினேம்மா, அப்புறம் ஒரு எண்ணைக் குத்துமதிப்பாப் போட்டேன், கடைசியில ஒரே வரிசையில ரெண்டு 4 வந்து நின்னுச்சு" என்றாய். ஒவ்வொரு கிடைவரிசையிலும், நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே தடவைதான் வர வேண்டும், அதனால் எங்கேயோ தப்பு. நீ குத்துமதிப்பாகப் போட்ட கட்டத்துக்குச் சிவப்பு வட்டமும் போட்டிருந்தாய்: ஒன்பதாவது கிடைவரிசை, எட்டாவது நெடுவரிசை. 1 வரலாம், 7 வரலாம். நீ 7 போட்டாய். அங்கே வர வேண்டியது 1, கண்ணு. காரணமும் உன் கண் முன்னாலேயே இருந்தது.

இரண்டாவது கிடைவரிசையைப் பார். 7 வருவதற்கு அதில் ரெண்டே இடம், நான்காவது நெடுவரிசையும் எட்டாவதும். இப்போது ஆறாவது கிடைவரிசைக்கு வா. அங்கேயும் 7க்கு அதே ரெண்டு நெடுவரிசைதான். மேலே நான்காவதில் 7 விழுந்தால் கீழே எட்டாவதில் விழும். மேலே எட்டாவது என்றால் கீழே நான்காவது. எப்படி விழுந்தாலும் அந்த ரெண்டு நெடுவரிசைக்கும் உரிய 7கள் இந்த நான்கு கட்டங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். வேறு எந்தக் கட்டத்திலும் 7க்கு அங்கே வேலை இல்லை. நீ வட்டம் போட்ட கட்டத்திலிருந்து 7ஐ அடித்தால் 1 மட்டும் மிஞ்சுகிறது. இதைத்தான் எக்ஸ்-விங் என்கிறார்கள். மூலைக்கு மூலை கோடு இழுத்தால் எக்ஸ் மாதிரி வரும்.

உனக்கு இது தெரியாமல் போனது உன் மூளையால் இல்லை. நீ பென்சிலால் குறிக்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் என்னென்ன எண் வரலாம் என்று பொடி எழுத்தில் எழுதிவிட வேண்டும், ஒன்று விடாமல். சாதாரணப் புதிருக்கு அது தேவையில்லை. கஷ்டமான புதிரில் வரக்கூடிய எண்ணைத் தேடுவதைவிட, வரவே முடியாத எண்ணை அடிப்பதுதான் பெரிய வேலை. எழுதாததை எப்படி அடிப்பாய்?

"கொடுத்த எண்ணே 23தான், அதான் இவ்வளவு கஷ்டம்" என்றும் சொன்னாய். அப்படிக் கிடையாது. ஒரே விடை வர வேண்டுமென்றால் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும் என்று டப்ளினில் கேரி மெக்கைர் என்ற கணித அறிஞரின் குழு 2012இல் கம்ப்யூட்டரை வைத்து நிறுவியது. அந்த 17 எண் புதிர்களிலேயே பல, பொறுமையாகப் பார்த்தால் சுலபமாக அவிழ்ந்துவிடும். எண்கள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன என்பதில்தான் கஷ்டம் இருக்கிறது.

எக்ஸ்-விங்குக்கு அப்புறம் பத்துப் பன்னிரண்டு கட்டம் மளமளவென்று நிரம்பியது. மறுபடி ஒரு முட்டுச்சந்து. முதல் ராத்திரி அங்கேயே மூடி வைத்துவிட்டேன். மறுநாள் கண்ணில் பட்டது நடுக்கட்டம், ஐந்தாவது கிடைவரிசையும் ஐந்தாவது நெடுவரிசையும் சந்திக்கிற இடம். அதில் 3, 8 என்று ரெண்டே எண். அதே கிடைவரிசையின் முதல் கட்டத்தில் 3, 6. அதே நெடுவரிசையில் மேலே, இரண்டாவது கிடைவரிசையில் 6, 8. நடுவில் 3 என்றால் இடப்பக்கக் கட்டம் 6. நடுவில் 8 என்றால் மேல் கட்டம் 6. ரெண்டில் ஒன்று கட்டாயம் 6. அப்படியானால் ரெண்டும் சேர்ந்து பார்க்கிற கட்டத்தில், அதாவது இரண்டாவது கிடைவரிசையின் முதல் கட்டத்தில், 6 வரவே முடியாது. அங்கே மிச்சம் இருந்தது 9தான். எக்ஸ்ஒய்-விங் என்று பெயர். நடுக்கட்டம் 3ஆ 8ஆ என்று எனக்கு அப்போதும் தெரியாது. ஆனாலும் 9ஐப் பேனாவாலேயே எழுதினேன். அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இதைப் போடுகிறேன்.

நான் வேலை பார்த்த கருவூலத்திலும் இப்படித்தான், ஒரு மாதக் கடைசியில் கணக்கு 90 ரூபாய் உதைத்தது. எங்கேயாவது சரிக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்று எனக்கு முதலில் வேலை கற்றுக்கொடுத்த சூப்பிரண்டு சொல்லியிருந்தார். வவுச்சர்களைப் புரட்டினேன். 540ஐ 450 என்று ஏற்றியிருந்தது. நீ அன்றைக்கு வராந்தா பெஞ்சில் ஸ்கூல் பையோடு தூங்கிவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா?

இன்னொரு வழியும் இருக்கிறது, நெட்டில் பார்த்திருப்பாய். ரெண்டு பெட்டிகளுக்குள் நாலு மூலையாக நாலு கட்டம். மூன்றில் 2, 9 மட்டும். நாலாவதில் 2, 9, 5. அங்கேயும் 2, 9 மட்டும் என்றால் ரெண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் புதிருக்கு ரெண்டு விடை வந்துவிடும், ஆகவே 5 என்று எழுதிவிடுகிறார்கள். விடை சரியாகத்தான் வரும். எனக்கு அது பிடிக்காது. புதிர் போட்டவர் ஒரே விடைதான் வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் நிற்கிற வழி அது. நான் கட்டத்துக்குள்ளிருந்தே காரணம் தேடுவேன். நீ உன் இஷ்டப்படி செய்.

இந்த வகைப் புதிர் 1979இல் அமெரிக்காவில் ஒரு புதிர்ப் பத்திரிகையில் முதலில் வந்தது. போட்டவர் ஹோவர்ட் கார்ன்ஸ், ஓய்வு பெற்ற கட்டடக் கலைஞர், அப்போது அவருக்கு 74 வயது. ஜப்பானுக்குப் போய் சுடோகு என்று பெயர் வாங்கி அது உலகம் சுற்றி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். சில ராத்திரி அவரை நினைத்துக்கொள்வேன்.

இத்துடன் இன்னொரு புதிரும் வைத்திருக்கிறேன். அதில் ஸ்வார்ட்ஃபிஷ் இருக்கிறது. எக்ஸ்-விங் மாதிரியேதான், ஆனால் மூன்று கிடைவரிசை, மூன்று நெடுவரிசை. எந்த எண் என்று சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வரும்போது தாளைக் கொண்டு வா. பென்சில் குறிகளை அழித்துவிடாதே, எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா