'எஸ்டேட்' என்றால் தோட்டம் மட்டுமன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊரில் சட்ட விளக்கக் கூட்டம் ஒன்றிற்காக விநியோகிக்கப்பட்ட தாளில், மலேசியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டமான 'ஸ்மால் எஸ்டேட்ஸ் (டிஸ்ட்ரிபியூஷன்) ஆக்ட்' என்பதன் பெயர் 'சிறு தோட்டங்கள் பகிர்வுச் சட்டம்' என்று அச்சாகியிருந்தது. அதை வாசித்த மூதாட்டி ஒருவர், "நமக்கு ஏதுய்யா தோட்டம்? அதெல்லாம் தொரைமாருக்கு" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உயில் எழுதாமல் காலமான கணவரின் பெயரிலேயே இன்னும் இருக்கும் வீட்டைத் தம் பெயருக்கு மாற்ற, நில அலுவலகத்தில் அவர் விண்ணப்பிக்க வேண்டியதே அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

மலாய் மொழியில் இக்குழப்பத்திற்கு இடமில்லை. அங்கே தோட்டம் 'லாடாங்', இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து 'ஹர்த்தா புசாக்கா'. ஆங்கிலம் இரண்டையும் 'எஸ்டேட்' என்ற ஒரே சொல்லால் குறிப்பதால், வாக்கியத்தில் அது நிற்கும் இடத்தைப் பார்த்தே பொருள் கொள்ள வேண்டும். 'எஸ்டேட் ஆஃப்' என்பதற்குப் பின் ஓர் ஆளின் பெயர் வந்தால், பெரும்பாலும் அவர் விட்டுச்சென்ற சொத்தையே குறிக்கும். வீடு, கார், வங்கிப் பணம் என எத்தனை இருந்தாலும், ஒருவருக்கு அது ஒருமைதான். அச்சட்டத்தின் பெயரில் பன்மை வருவது பலருடைய சொத்துகளைப் பற்றிப் பேசுவதால். 'ரியல் எஸ்டேட்' என்னும்போதோ பன்மையே கிடையாது.

வேறொரு பெயர்ச்சொல்லுக்கு முன் அடையாக வரும்போதுதான் அதிகம் தடுமாறுகிறோம். 'எஸ்டேட் மேனேஜர்' தோட்டத்து நிர்வாகி. ஆனால் 'எஸ்டேட் டியூட்டி' என்பது இறந்தவர் சொத்தின்மீது விதிக்கப்பட்டு, நம் நாட்டில் 1991இல் நீக்கப்பட்ட வரி. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்த காதுக்கு அது விடியற்காலைப் பிரட்டாக, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பாகத்தான் கேட்கும்! பத்திரிகைத் துறையை 'நான்காவது எஸ்டேட்' என்பதும் உண்டு. அவ்வகையில் தங்கள் அலுவலகமும் ஓர் எஸ்டேட்தான், ரப்பர் பால்மரந்தான் இல்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் தோட்டம் வாங்கவே பணம் போட்டார்கள். அவர்களுள் மறைந்தவர்களின் பங்குகள் இன்று மற்றப் பொருளிலும் 'எஸ்டேட்' ஆகியிருக்கின்றன.

ஆகவே, இத்தகைய சட்ட அறிவிப்புகளைத் தாங்கள் வெளியிடும்போது 'இறந்தவரின் சொத்து' என்றே எழுதி, நில அலுவலகப் பாரத்தில் காணப்படும் மலாய்ப் பெயரையும் அருகில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்.