ஜாக்கெட்டில் கறை படுகிறதா என்று கேளுங்கள்

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, சர்க்கரை மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததைக்கூட அம்மா உங்களிடம் சொல்வார். ஒன்றை மட்டும் உங்களிடமும் மறைத்துவிட்டார். 68 வயதில் அவருடைய இடது மார்புக் காம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

வீட்டில் யாரும் எழுவதற்கு முன்பே தன் ஜாக்கெட்டைத் துவைத்துவிடுவார். ஒரு நாள் கொடியில் கிடந்ததில் நாலணா அளவுக்குப் பழுப்புக் கறை. கேட்டால், “வலியில்லை, கட்டியும் இல்லை. எண்ணெய் தடவுகிறேன், போய்விடும்” என்றார். மூன்று மாதமாகத் தடவியிருக்கிறார்!

மேமோகிராம், ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். பால் நாளத்துக்குள் மரு போல வளர்ந்த சிறு கட்டி, புற்றுநோய் இல்லை. அறுத்து எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கசிவுக்குப் பெரும்பாலும் இதுவோ, வயதில் நாளங்கள் விரிவதோதான் காரணமாம். ஆனால் சிலருக்குப் புற்றுநோயின் முதல் அடையாளமே இதுதான். வயது ஏற ஏற அந்த வாய்ப்பும் ஏறுகிறது. கறையைப் பார்த்து எது என்று வீட்டில் சொல்லிவிட முடியாது.

“மார்பில் கட்டி இருக்கிறதா?” என்று கேட்டால் அம்மா போன்றவர்கள் உண்மையாகவே “இல்லை” என்பார்கள். ஆகவே ஜாக்கெட்டைப் பற்றிக் கேளுங்கள். அமுக்காமலே வருகிறதா, ஒரு பக்கம் மட்டுமா, ரத்தம் கலந்திருக்கிறதா? பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக வந்தாலும் அலட்சியம் கூடாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தானாகக் கசிந்தால், நிறம் எதுவானாலும் ஓரிரு வாரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். ரத்தம், கட்டி, உள்ளிழுத்த காம்பு, ஆறாத செதில் புண் என்றால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் பால் போல வந்தால் மாத்திரைப் பையையும் பாருங்கள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், மனநல மருந்துகள் சில, தைராய்டு குறைபாடு ஆகியவை இதைச் செய்யும். அதற்காக மருந்தைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. வருகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்ப்பதையும் தடுத்துவிடுங்கள். பிதுக்கப் பிதுக்க வரத்தான் செய்யும்.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். எங்கள் தெருவில் அம்மா வயதுக்காரர்கள் ஆறேழு பேர் இருக்கிறார்கள். நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். உங்களிடம் சொல்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்