ஆண்டறிக்கை 2024–25: ‘சிறு சலசலப்பு’ என்று இந்த முறை எழுதவில்லை

உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரைக்குமான நம் மல்யுத்தச் சங்கத்தின் அறிக்கை இது. பொதுக்குழுவில் படிப்பதற்காக எழுதியது, வர முடியாதவர்கள் இங்கேயே படித்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் என்னிடம் கேள்வி கேட்காதீர்கள், எனக்குக் கூட்டலே தகராறு.

எழுத உட்காரும் முன் போன வருஷ அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். “போட்டியின்போது ஏற்பட்ட சிறு சலசலப்பு உடனடியாகச் சரிசெய்யப்பட்டது” என்று ஒரு வரி இருந்தது. எழுதினவன் நான்தான். அந்தச் சிறு சலசலப்பில் ஒருத்தருக்குச் சட்டைப் பை கிழிந்து கையோடு வந்துவிட்டது, பிள்ளைகள் மேட்டில், அதாவது மல்யுத்த விரிப்பில், உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள், டீக்கடை அண்ணன்தான் வந்து விலக்கிவிட்டார். அதை அப்படியே எழுதியிருந்தால் இந்த வருஷம் நடந்ததில் பாதி நடந்திருக்காதோ என்று இப்போது தோன்றுகிறது. அதனால் இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், யார் பெயரையும் போடாமல்.

முதலில் புயல். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. காற்று போய்விட்டதே என்று நாம் மூச்சு விட்ட நேரத்தில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, ஆற்றோரம் இருக்கிற நம் கொட்டகைக்குள் முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. மேட் துண்டுகள் எல்லாம் ஊறிப்போய் ஒவ்வொன்றும் பிணக் கனம் கனத்தது. தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் காயப்போட்டு, உறையை டெட்டால் போட்டுத் துடைத்து, திரும்ப விரிப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அன்றைக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தலையில் மேட் சுமந்த அப்பாக்கள் பத்துப் பேரையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். அதில் ஒருத்தரைப் பற்றித்தான் அடுத்துச் சொல்லப் போகிறேன். மனிதர்கள் அப்படித்தான், ஒரே ஆள் டிசம்பரில் ஒரு மாதிரி, பிப்ரவரியில் வேறு மாதிரி.

பிப்ரவரியில் நாம் நடத்திய சிறுவர் போட்டி. 15 வயதுக்குட்பட்டோர், 44 கிலோ. நம் பையன் ஒருத்தன், எதிரே நெய்வேலிப் பக்கத்துப் பையன். இரண்டு இரண்டு நிமிஷமாக இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி ஓய்வு. நம் பையன் நன்றாகவே ஆடினான், கால் பிடித்து இரண்டு முறை கீழே கொண்டு வந்தான், ஒரு முறை எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ளினான். 5–4 என்று முன்னிலை, இன்னும் இருபது விநாடிகூட இல்லை. அப்போது வெளியிலிருந்து ஒரு குரல்: “பிடிக்காதடா, ஓடு! பின்னாடி போய்க்கிட்டே இரு!” பையன் அதைக் கேட்டுப் பின்வாங்கிப் பின்வாங்கி மேட்டை விட்டே இறங்கிவிட்டான். மேட்டை விட்டு ஓடினால் எச்சரிக்கையும் உண்டு, எதிராளிக்கு 1 பாயின்டும் உண்டு. ஆனது 5–5.

சரி, சமம் என்றால் என்ன செய்வார்கள்? டிரா கிடையாது. பெரிய பாயின்ட் யார் அதிகம் எடுத்தது என்று முதலில் பார்ப்பார்கள், இங்கே அது 2 பாயின்ட் பிடி, இரண்டு பேருக்கும் இரண்டு இரண்டு. அடுத்து யாருக்கு எச்சரிக்கை குறைவு என்று பார்ப்பார்கள். நம் பையனுக்கு ஒன்று, அவனுக்கு இல்லை. நடுவர் எதிராளியின் கையைத் தூக்கினார்.

“டிரா ஆன மேட்ச்ல எப்படிய்யா தோப்பான்?” என்று கேட்டபடி பையனின் அப்பா எழுந்து வந்தார். டிவியில் கோச்சுகள் சேலஞ்ச் கேட்கும்போது, அதாவது தீர்ப்பை வீடியோவில் திரும்பப் பார்க்கச் சொல்லும்போது, ஸ்பான்ஜுக் கட்டை ஒன்றை மேட்டில் வீசுவார்களே, அதைப் பார்த்திருக்கிறார் போல. கையில் இருந்தது தண்ணீர் பாட்டில், அதை வீசினார். மூடி சரியாகப் போடாத பாட்டில். நடு மேட்டில் விழுந்து குபுகுபுவென்று கொட்டியது. நம் போட்டியில் வீடியோ கிடையாது, அதனால் சேலஞ்சே கிடையாது. இருக்கிற இடத்திலும் கோச் கேட்டால்தான் செல்லும், கேட்டுத் தோற்றால் எதிராளிக்கு இன்னொரு பாயின்ட் போகும். இதையெல்லாம் அந்த நேரத்தில் யார் சொல்ல, யார் கேட்க.

பையன் அப்பாவைப் பார்த்தான். அப்புறம், மேட்டில் நிற்கும்போதே காஸ்ட்யூம் பட்டையைத் தோளிலிருந்து இறக்கினான், அதுவே கூடாது. எதிராளி கையை நீட்டினான். நம் பையன் அதைத் தட்டிவிட்டுப் போனான், எதிர்க் கோச்சுக்கும் கை கொடுக்கவில்லை. நெய்வேலிப் பையன் கொஞ்ச நேரம் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றான். ஜெயித்தவன் அவன். ஆனால் தப்பு செய்துவிட்டவன் மாதிரி அந்தக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு, ஈரத்தைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தப் பையன் என் அக்கா மகன். பாட்டில் வீசியவர் என் மாமா. “ஓடு” என்று கத்திய குரல் மாமாவுடையது இல்லை, என்னுடையது.

செயற்குழுவில் இதை எடுத்தபோது “ஒலிம்பிக்லயே நடக்குது சார், நம்மள்து எம்மாத்திரம்” என்று ஒருத்தர் சொன்னார். நடக்கத்தான் நடக்கிறது. 2016 ரியோவில் 65 கிலோ வெண்கலப் போட்டியில் மங்கோலிய வீரர் மந்தாக்நரான் 7–6 என்று முன்னால் இருந்தார். கடைசி விநாடிகளில் பிடிக்கு வராமல் கையைத் தூக்கி ஆடிக்கொண்டே சுற்றி ஓடினார், அதற்காக எதிராளிக்கு ஒரு பாயின்ட் போனது, பதக்கமும் போனது. நம் மேட்டில் நடந்த அதே கதை. அவருடைய கோச்சுகள் மேட்டிலேயே சட்டையைக் கழற்றி எறிந்து ரகளை செய்ததை உலகமே பார்த்தது. டோக்கியோவில் தீபக் புனியா வெண்கலத்தைத் தவறவிட்ட பிறகு அவருடைய வெளிநாட்டுக் கோச் நடுவரைத் தேடிப் போய்த் தாக்கினார். ஒலிம்பிக் கிராமத்தை விட்டே அவரை வெளியேற்றினார்கள், நம் நாட்டுச் சம்மேளனமும் வேலையை விட்டு எடுத்தது. 2008 பெய்ஜிங்கில் சுவீடனின் ஆரா ஆப்ரஹாமியன் தீர்ப்பில் கோபப்பட்டு வெண்கலப் பதக்கத்தை மேட்டில் வைத்துவிட்டுப் போனார், பதக்கத்தையே பறித்துக்கொண்டார்கள். ஒலிம்பிக்கில் நடக்கிறது என்பது பாதி உண்மைதான். அங்கே நடந்தால் தண்டனை உண்டு, நம்மிடம் நடந்தால் போண்டா உண்டு, அதுதான் வித்தியாசம்.

நம் துணைத்தலைவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் புறநானூற்றுக்குப் போய்விட்டார். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வெளியூரில் மற்போர் செய்ததைப் பற்றி நக்கண்ணையார் பாடிய பாட்டில், கூட்டத்தில் ஒரு சாரார் வென்றான் என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்களாம், அது அவன் ஊர் இல்லை என்பதால். “அப்பவே கேலரி அப்படித்தான் இருந்திருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தோம். கூட்டம் அதோடு கொஞ்சம் தணிந்தது, அதற்காகவே குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறேன்.

பாட்டில் சம்பவம் கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதவையும் இருக்கின்றன. எடை பார்க்கும் காலையில் ஒரு பையனின் முழங்கையைப் பிடித்தால் வழுக்குகிறது, மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய். “பாட்டி தேய்ச்சு விட்டாங்க சார்” என்கிறான். எண்ணெய் தடவிக்கொண்டு மேட் ஏறக் கூடாது என்று அந்தப் பையனுக்கே தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு நாலைந்து பிள்ளைகளுக்குப் படர்தாமரை வந்தது. மருந்து போட்டு ஆறும் வரை வராதீர்கள் என்று சொல்லியும் ஒரு வீட்டில் அதன்மேல் முகப்பவுடரை அப்பி அனுப்பியிருந்தார்கள். வேர்த்ததும் பவுடர் கரைந்து வட்டம் வட்டமாகத் தெரிந்தது. அதற்குள் அவனோடு மூன்று பேர் பயிற்சி செய்து முடித்திருந்தார்கள். இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்டால் “ஒரு நாள்தானே சார்” என்கிறார்கள்.

எடைக் குறைப்பு இன்னும் மோசம். போன ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகாட் இறுதிப் போட்டி அன்று காலையில் 100 கிராம் கூடுதல் என்று தகுதி இழந்ததை எல்லோரும் பார்த்தோம், வயிறு எரிந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் அமன் செஹ்ராவத் ஒரே ராத்திரியில் 4.6 கிலோ இறக்கி வெண்கலம் எடுத்ததையும் பார்த்தோம். அதிலிருந்து நம் வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? பதின்மூன்று வயசுப் பையனுக்கு ரெயின்கோட் மாட்டி தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயிலில் ஓடவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டவனுக்கு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்களாம். அமன் பெரிய ஆள், கூடவே கோச்சுகள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் நின்றார்கள். வளர்கிற பிள்ளை அந்த எடைக்கு அடங்கவில்லை என்றால் மேல் எடைப் பிரிவில் ஆடட்டும், தோற்கட்டும், வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிடட்டும். இதில் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் கறாராக இருக்கிறார், நானும் அவர் பக்கம்.

இந்த வருஷத்தின் பெரிய இழப்பு எது என்று கேட்டால் மேட் இல்லை, நம் நடுவர்தான். நம்மிடமே பயிற்சி எடுத்து, இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டு, பஸ் காசுக்கு மட்டும் வந்து விசில் ஊதிக்கொண்டிருந்த பெண். அந்த 44 கிலோ போட்டியில் அவள் கொடுத்த ஒவ்வொரு பாயின்டும் சரி. அப்புறம் மாஸ்டரும் நானும் நாலு போன் வீடியோக்களை வைத்துப் பார்த்துவிட்டோம். ஆனால் அதே வீடியோவை யாரோ மெதுவாக ஓடவிட்டு, அவள் எதிர்க் குழுவுக்குச் சொந்தக்காரி என்று எழுதிப் பரப்பினார்கள். மறு ஞாயிறு வரவில்லை. போன் செய்தேன். “அண்ணா, நான் வரல. ஞாயித்துக்கிழமை திட்டு வாங்கத்தான் போறியான்னு எங்கப்பா கேக்குறாரு. என்ன பதில் சொல்றது?” என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு திட்டமிட்டிருந்த இரண்டு போட்டிகளை நடுவர் இல்லாமல் ரத்து செய்தோம். திட்டினவர்கள் யாரும் விசிலை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை.

இனி என்ன என்பதற்குச் செயற்குழுவில் மூன்று மணி நேரம் சண்டை. கடைசியில் முடிவானது: மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டப்படும், கயிற்றுக்குள் நடுவர், கோச், மல்லர் தவிர யாருமில்லை, பெற்றோருக்கு இடம் மேலே கேலரியில். கை கொடுக்காமல் இறங்குகிற பிள்ளைக்கு அடுத்த போட்டி கிடையாது. என் அக்கா மகனுக்கும் அது நடந்தது, என்னோடு அக்கா ஒரு மாதம் பேசவில்லை. பெற்றோர் தகராறு செய்தால் பிள்ளையின் ஆட்டத்தையும் சேர்த்துத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று சிலர் கேட்டார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா கத்தினதற்கு மகனைத் தோற்கடித்தால் அவனுக்கு அப்பாமேல் பயமும் நம்மேல் வெறுப்பும்தான் மிஞ்சும். பெரியவரை வெளியே அனுப்புவோம், பிள்ளை ஆடி முடிக்கட்டும். இதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை, பொதுக்குழுவில் பேசலாம்.

பெற்றோருக்கு அரை மணி நேர விதி வகுப்பு ஒன்று வைத்தோம், ஏழு பேர் வந்தார்கள். முன் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர் மாமா. பின்னால் போய்ப் பிடித்து, கையும் முட்டியுமாக மூன்று இடம் மேட்டில் படும்படி கொண்டு வந்தால் 2, வெறுமனே கால் வெளியே போனால் 1 என்று மாஸ்டர் செய்து காட்டியபோது “அட, இது தெரியாமத்தான் இவ்வளவு நாள் கத்தினேனா” என்றார். மாஸ்டர் பதில் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்ததும் நானும் மாமாவும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். மாமா அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டார், நானும் கேட்டேன். காபி கொடுத்தார்கள். அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஆனால் செயலாளரும் கயிற்றுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறாள். செயற்குழு கையைத் தூக்கி ஒரு மனதாக நிறைவேற்றியது. இந்த வருஷம் ஒரு மனதாக நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். எனக்கு ஒதுக்கியிருப்பது மூன்றாவது வரிசை, தூணுக்குப் பின்னால். போன ஞாயிறு உட்கார்ந்து பார்த்தேன், அங்கிருந்து மேட் பாதிதான் தெரிகிறது.

செயலாளர்
கடலூர்